அல்ஹம்ப்ராவுக்குத் தண்ணீர் வந்த வழி

ஸ்பெயினின் கிரனாடா நகரத்தில் இருக்கும் அல்ஹம்ப்ரா அரண்மனைக்குள் நுழைகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். பார்க்காமல் இருக்கவும் முடியாது. அடுக்கடுக்காகத் தொங்கும் சுதை வேலைப்பாட்டுக் கூரை, சுவர் முழுக்க அரபி எழுத்து, இடுப்பளவு உயரத்துக்கு வண்ண ஓடு. "அப்பா, மேலே பாருங்கப்பா" என்று என் மகளும் சொல்லிப் பார்த்தாள். எனக்குத் தரையை விட்டுக் கண் நகரவில்லை. பளிங்கில் வெட்டிய குறுகலான வாய்க்காலில் தண்ணீர் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. திருவாரூர்ப் பக்கம் பாசனப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓடுகிற தண்ணீரைக் கண்டால் அதன் தலைப்பு எங்கே, சரிவு வாட்டம் எவ்வளவு, கடைமடை எங்கே என்றுதான் புத்தி போகும்.

மகள் மலகாவில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போகும் சாக்கில் தெற்கு ஸ்பெயினிலும் கிழக்குக் கரையிலும் நிறையவே சுற்றியிருக்கிறேன். ஒரு காலத்தில் ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்களை மூர்கள் என்பார்கள். அவர்கள் அந்த நாட்டுக்கு என்ன விட்டுப்போனார்கள் என்று கேட்டால் குதிரை லாட வடிவ வளைவையும் ஓட்டுச் சித்திரங்களையும் காட்டுவார்கள். நான் முதலில் வாய்க்காலைக் காட்டுவேன். அந்தக் கட்டடங்களே தண்ணீரைச் சுற்றித்தான் எழும்பியிருக்கின்றன என்பது என் கட்சி.

அல்ஹம்ப்ரா நிற்பது சபிக்கா என்ற குன்றின் முதுகில். வடக்குச் சரிவுக்குக் கீழே, ஆழமான பள்ளத்தில், டார்ரோ என்ற சிற்றாறு ஓடுகிறது. குன்றின் உச்சியில் இவ்வளவு குளமும் நீரூற்றும் எப்படி வந்தன? இறைத்து ஏற்றினார்களா? இல்லை. 1238இல் கிரனாடாவைத் தலைநகராக்கிக்கொண்டு நஸ்ரி வம்சத்தை நிறுவிய முதலாம் முகம்மது முதலில் செய்த வேலைகளில் ஒன்று, டார்ரோவில் சுமார் 6 கிலோமீட்டர் மேலே போய் ஆற்றை மறித்து, அங்கிருந்து மலைச்சரிவை ஒட்டியே ஒரு வாய்க்கால் கொண்டுவந்தது. ஆறு செங்குத்தாக இறங்கும். வாய்க்காலுக்கு மிகக் குறைந்த வாட்டம்தான் கொடுத்திருக்கிறார்கள். அதனால் குன்றை வந்தடையும்போது ஆறு எங்கோ பாதாளத்தில் இருக்கிறது, வாய்க்கால் அரண்மனை மதில் உயரத்தில் இருக்கிறது. அசேகியா ரியால், அதாவது அரச வாய்க்கால் என்று அதற்குப் பெயர். மட்டம் பார்க்கும் கருவிகள் அன்றைக்கு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்தால் கை கூப்பத் தோன்றுகிறது. 6 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு இடத்தில் வாட்டம் கூடிப்போனாலும் அத்தனை உயரமும் வீண்.

கோட்டைக்குள் நுழைவதற்கு முன் அந்த வாய்க்கால் ஹெனெராலிஃபே என்ற கோடைத் தோட்டத்தைக் கடக்கிறது. நீளமான முற்றம், நடுவில் நேர்கோடாக நீர், இருபக்கமும் பூச்செடி, மேலே குறுக்கும் நெடுக்குமாக நீர்த்தாரைகள். எல்லோரும் படம் எடுக்கும் இடம். அந்தத் தாரைகள் பிற்காலத்தில் வைத்தவை. ஆனால் நடுவில் ஓடும் நீர் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. அரச வாய்க்காலின் நீரோட்டம் சுல்தானின் தோட்டத்து நடுவாகவே கோட்டைக்குப் போகிறது. நம் காலத்தில் என்றால் குழாயைப் புதைத்து மேலே சிமென்ட் மூடி போட்டிருப்போம். அவர்கள் ஊருக்குக் குடிநீர் கொண்டுபோகும் வாய்க்காலையே தோட்டத்தின் முதுகெலும்பாக்கிவிட்டார்கள். 1958இல் அங்கே ஒரு தீ விபத்து நடந்தது. அதற்குப் பிறகு அகழ்ந்து பார்த்தபோது, பழைய பாத்திகளின் மட்டம் இன்றைய தரைக்குக் கீழே இருந்தது தெரியவந்தது. பாத்தி தாழ்ந்தும் நடைபாதை உயர்ந்தும் இருந்தால் நடப்பவருக்குப் பூக்கள் காலடியில் விரித்த மாதிரி தெரியும், தண்ணீர் பாய்ச்சுவதும் சுலபம்.

அதே தோட்டத்தில் கொஞ்சம் மேலே ஏறினால் நீர்ப்படிக்கட்டு. படியின் இருபக்கக் கைப்பிடிச் சுவரின் மேற்புறத்தைக் குடைந்து, மல்லாத்திய ஓடு போட்ட மாதிரி வாய்க்காலாக்கி, அதில் தண்ணீர் ஓட விட்டிருக்கிறார்கள். கைப்பிடி என்று கை வைத்தால் விரல்களுக்கிடையே ஜில்லென்று ஓடுகிறது. ஆகஸ்டில் கிரனாடாவின் வெயில் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். படி இறங்க இறங்கச் சத்தமும் மாறுகிறது. நான் அங்கே அரை மணி நேரத்துக்கு மேல் நின்றேன்.

அரண்மனைக்குள் இரண்டு முற்றங்கள். இரண்டிலும் தண்ணீரை நேர் எதிராகக் கையாண்டிருக்கிறார்கள். கோமாரெஸ் முற்றத்தில் சுமார் 34 மீட்டர் நீளக் குளம். 45 மீட்டர் உயரக் கோமாரெஸ் கோபுரம் அதில் தலைகீழாகத் தெரிய வேண்டும். அதற்கு நீர்ப்பரப்பு அசையவே கூடாது. ஆனால் தேங்கிய தண்ணீரில் பாசி பிடிக்கும். புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்க வேண்டும். இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று குனிந்து பார்த்தேன். குளத்தின் இரண்டு முனைகளிலும் தரையோடு தரையாக வட்டமான, ஆழமில்லாத பளிங்குக் கிண்ணம். நடுவில் தண்ணீர் குமிழாக எழுகிறது. வட்டத்துக்குள் பரவி வேகம் தணிந்து, ஒடுக்கமான ஒரு சின்ன வாய்க்காலில் இறங்கி, குளத்தில் அலை எழுப்பாமல் கலக்கிறது. நீரோட்டத்தின் ஆற்றலை அடக்குகிற அமைப்பு இது. நாங்கள் மதகுக்குக் கீழே கரை அரிக்காமல் இருக்க இதே வேலையைக் கான்கிரீட்டில் செய்வோம். இங்கே ஒரு கோபுரத்தின் பிம்பம் கலையாமல் இருக்கச் செய்திருக்கிறார்கள்.

அடுத்தது ஐந்தாம் முகம்மது 14ஆம் நூற்றாண்டில் கட்டிய சிங்க முற்றம். 12 பளிங்குச் சிங்கங்கள் ஒரு தொட்டியைச் சுமக்கின்றன. நான்கு பக்கமிருந்தும் நான்கு வாய்க்கால்கள் நடுவில் வந்து கூடுகின்றன. இங்கே தண்ணீர் அசைய வேண்டும், பேச வேண்டும். தொட்டி விளிம்பில் இப்னு ஸம்ராக் என்ற அரசவைக் கவிஞரின் பாட்டைச் செதுக்கியிருக்கிறார்கள். ஓடுவது நீரா பளிங்கா என்று பிரித்தறிய முடியவில்லை என்று அதில் ஒரு வரி வருகிறது. தொட்டி நிரம்பி வழியும்போது பார்த்தால் கவிஞர் மிகைப்படுத்தவில்லை என்று தெரியும். சிங்கங்களைக் கழற்றிச் சீர்செய்து, முற்றத்துக்கும் பளிங்குத் தரை போட்டு 2012இல் மறுபடி திறந்தார்கள்.

சரி, அல்ஹம்ப்ராவை விட்டுக் கொர்தோபா நகரத்துக்கு வருகிறேன். அது கிரனாடாவைவிட நானூறு ஐந்நூறு வருஷம் பழைய கதை. 711இல் முஸ்லிம் தளபதி தாரிக் இப்னு ஸியாத் வட ஆப்பிரிக்காவிலிருந்து படையுடன் ஜிப்ரால்டர் நீரிணையைக் கடந்து வந்தார். 756இல் முதலாம் அப்துர் ரஹ்மான் கொர்தோபாவில் தனி ஆட்சி நிறுவினார். 780களில் அங்கே பெரிய மசூதியைக் கட்டத் தொடங்கினார். பின்னால் வந்தவர்கள் விரிவாக்கிக்கொண்டே போனார்கள். இன்றைக்கும் 850க்கு மேற்பட்ட தூண்கள் நிற்கின்றன. செங்கல்லும் வெள்ளைக் கல்லும் மாறி மாறி வைத்த வளைவுகள், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு. இந்த இரட்டை வளைவு எதற்கு? பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்தும், ரோமானியருக்குப் பின் ஆண்ட விசிகோதியரின் கட்டடங்களிலிருந்தும் எடுத்த தூண்கள் கைவசம் இருந்தன. அவை குட்டை, ஒன்றுக்கொன்று உயரமும் வேறு. அவ்வளவு பெரிய கூடத்துக்குக் கூரையைத் தாழ்வாகப் போட்டால் மூச்சு முட்டும். அதனால் தூணின் தலையில் ஒரு கட்டை எழுப்பி, கீழ் வளைவால் இரண்டு தூண்களையும் பிணைத்து, மேல் வளைவின் மீது சுவரை ஏற்றினார்கள். மெரிதாவில் இருக்கும் ரோமானிய நீர்ப்பாலத்திலும் கல்லும் செங்கல்லும் மாறி மாறி, வளைவின் மேல் வளைவாக நிற்கின்றன. கொர்தோபாவின் கொத்தனார்கள் அதைப் பார்த்துத்தான் இந்த யோசனைக்கு வந்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கட்டடக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். கீழே ஒல்லித் தூண், மேலே போகப் போகச் சுவர் தடிக்கிறது. வழக்கத்துக்கு நேர் எதிர். காரணம், அந்தச் சுவர்களின் தலையில் கூரைத் தண்ணீர் வடியும் கால்வாய்கள் ஓடுகின்றன. வரிசை வரிசையாக ஓட்டுக்கூரை. இரண்டு கூரைகள் சேரும் பள்ளத்தில் ஒரு வாய்க்கால். அதைத் தாங்கச் சுவருக்கு அகலம் வேண்டும். வெளியே ஆரஞ்சு மர முற்றம். அங்கே மரத்துக்கு மரம் தரையில் குட்டி வாய்க்கால் வெட்டி, பலகை வைத்துத் திருப்பி விடும்படி செய்திருக்கிறார்கள். முற்றத்துக்கு அடியில் 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆட்சியைக் கையில் வைத்திருந்த அமைச்சர் அல்மன்சோர் கட்டிய பெரிய நிலத்தடித் தொட்டி இருக்கிறது. அவர் விரிவாக்கிய பகுதியை உள்ளே சுலபமாக அடையாளம் காணலாம். அங்கே செங்கல் கிடையாது. கல் மீது சிவப்புச் சாயம் பூசிக் கோடு போட்டிருக்கிறார்கள். அவசரம் தெரிகிறது. எனக்கு அந்தப் பகுதி பிடிக்கவில்லை.

1236இல் கிறிஸ்தவ அரசர் மூன்றாம் ஃபெர்னாந்தோ நகரைக் கைப்பற்றியதும் மசூதி தேவாலயமாயிற்று. கட்டடத்தில் பெரிதாகக் கை வைக்கவில்லை. 1523இல்தான் நட்டநடுவில் தூண்களை அகற்றிவிட்டுக் கதீட்ரல் கட்டக் கிளம்பினார்கள். இதை எதிர்த்தது யார் தெரியுமா? கொர்தோபா நகர சபை. கிறிஸ்தவர்களின் சபை. இடிக்கும் வேலையில் கை வைக்கிற ஆளுக்கு மரண தண்டனை என்றே அறிவித்தார்கள். பேரரசர் ஐந்தாம் கார்லோஸ் ஆயரின் பக்கம் நின்றதால் இடிப்பு நடந்தது. மசூதியை இழந்தவர்கள் மட்டும் இதற்கு வருந்தவில்லை. மூன்று நூற்றாண்டு அதில் ஜெபித்தவர்களுக்கும் அது தங்கள் கட்டடமாகியிருந்தது.

செவில் நகரத்து அல்காசர் அரண்மனையும் இதே கதைதான். 1364இல் கிறிஸ்தவ அரசர் முதலாம் பேத்ரோ அதற்குள் ஒரு மாளிகை கட்டத் தொடங்கினார். கிரனாடாவிலிருந்தும் தொலேதோவிலிருந்தும் வந்த கைவினைஞர்கள் வேலை செய்தார்கள். 'இறைவனைத் தவிர வெற்றியாளர் எவருமில்லை' என்ற நஸ்ரி சுல்தான்களின் வாசகம் கிறிஸ்தவ அரசரின் சுவரில் இருக்கிறது. அவர் அதை அழிக்கச் சொல்லவில்லை. ஆட்சி மாறிய பிறகும் முஸ்லிம் கொத்தனார்களும் தச்சர்களும் கிறிஸ்தவர்களுக்காகக் கட்டிய இந்தப் பாணியை முதேஹார் என்பார்கள். தெருவேல் நகரத்துச் செங்கல் மணிக்கோபுரங்களில் பச்சையும் வெள்ளையுமாக ஓடு பதித்திருப்பதைப் பார்த்தால் மசூதியின் மினாராதான் நினைவுக்கு வரும்.

கட்டடத்தைப் பற்றி இது போதும். என்னை உலுக்கியது மலையில் இருக்கிறது.

கிரனாடாவுக்குத் தெற்கே சியர்ரா நெவாடா மலைத்தொடர். அதன் உச்சி முலஅசென் 3,479 மீட்டர். தென்சரிவில் அல்புஹார்ரா என்ற பகுதி: பம்பனேய்ரா, புபியோன், கப்பிலேய்ரா என்று செங்குத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஊர்கள். தட்டைக் கூரை. கூரை மேல் லாவுனா என்ற சாம்பல் நிறக் களிமண்ணை மிதித்துப் பரப்பியிருப்பார்கள். அது மழைத் தண்ணீரைக் கீழே விடாது.

இங்கே குளிர்காலத்தில் பனி கொட்டும், கோடையில் மழையே இருக்காது. வசந்தத்தில் பனி உருகியதும் அத்தனை தண்ணீரும் சில வாரங்களில் ஆற்றோடு கடலுக்குப் போய்விடும். பயிருக்குத் தண்ணீர் தேவைப்படுவதோ ஜூலை, ஆகஸ்டில். அணை கட்ட இடமில்லை, அந்தக் காலத்தில் வசதியும் இல்லை. அதனால் மலையையே அணையாக்கினார்கள். இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில், பனி உருகும் ஓடைகளிலிருந்து மண் வாய்க்கால் வெட்டி, தண்ணீரை மலையின் விலா வழியாகப் பக்கவாட்டில் நடத்திப்போய், பாறை வெடித்து மண் உறிஞ்சும் இடமாகப் பார்த்துக் கொட்டிவிடுகிறார்கள். தண்ணீர் அங்கே மண்ணுக்குள் போய்விடுகிறது. பாறை இடுக்குகளில் ஊர்ந்து, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ கழித்து, கீழே ஊர்ப்பக்கத்துச் சுனைகளில் வெளிவருகிறது. சரியாகக் கோடையில். கரேயோ என்று இந்த முறைக்குப் பெயர்.

வாய்க்கால் பார்க்கும் ஒரு பெரியவர் எங்களை மேலே கூட்டிப் போனார். தோளில் மண்வெட்டி. ஓரிடத்தில் வாய்க்கால் கரையைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். "இங்கே கசியுது, அதை அடைக்கக் கூடாதுன்னு சொல்றாரு அப்பா" என்றாள் மகள். பார்த்தேன். கரைக்குக் கீழே, கசிவை ஒட்டியே, கஷ்கொட்டை மரங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. இன்னும் கீழே புல்வெளி, மாடு மேய்கிறது. அந்த மரங்களுக்கு வேறு தண்ணீர் கிடையாது. ஒரு தட்டைக் கல்லை எடுத்து மடையில் செருகினார், தண்ணீர் திரும்பியது. புல் பற்றையோடு மண்ணை வெட்டி விளிம்பில் மிதித்தார். அவ்வளவுதான் அங்கே மதகு.

கசிவு என்றாலே இழப்பு என்றுதான் எங்களுக்குப் பாடம். நூற்றுக்கு இத்தனை சதவீதம் கசிவில் போகிறது, கான்கிரீட் பூச்சு போட்டால் இவ்வளவு மிச்சம் என்று மதிப்பீடு போடுவோம். ஸ்பெயினிலும் அப்படித்தான் பல மலை வாய்க்கால்களுக்குச் சிமென்ட் பூசினார்கள், குழாய் போட்டார்கள். அதன் விளைவாகப் பல இடங்களில் கீழே சுனை வற்றியது, மரம் காய்ந்தது. மலைக்குள் தண்ணீரைச் சேர்ப்பதுதான் அந்த வாய்க்காலின் வேலை என்றால், கசியாத வாய்க்கால் வேலை செய்யாத வாய்க்கால். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இளைஞர்கள் பார்சிலோனாவுக்கும் ஜெர்மனிக்கும் வேலைக்குப் போனதும் ஊர்கள் காலியாயின. தூர்வார ஆளில்லாமல் வாய்க்கால்கள் மண்ணடித்துப் போயின. 2014இல் கான்யார் என்ற ஊரில் பார்ஹாஸ் வாய்க்காலைக் கிரனாடா பல்கலைக்கழகத் தொல்லியலாளர் ஹோசே மரியா மார்த்தின் சிவாந்தோஸின் குழுவும் தன்னார்வலர்களும் ஊர்மக்களும் சேர்ந்து மண்வெட்டி பிடித்துத் திறந்தார்கள். அப்புறம் மற்ற ஊர்களிலும் வேலை நடந்தது, நடக்கிறது. தொல்லியல் துறைக்காரர்கள் தோண்டி எடுத்ததைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்காமல் அதில் தண்ணீர் விட்டது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இந்த வாய்க்கால்களை வெட்டியவர்கள் என்ன ஆனார்கள்? 1492 ஜனவரி 2 அன்று கிரனாடா கிறிஸ்தவ அரசர்களிடம் சரணடைந்தது. மதத்தில் கை வைக்க மாட்டோம் என்று உடன்படிக்கையில் எழுதிக் கொடுத்தார்கள். பத்து வருஷம்கூட அது நிற்கவில்லை. கட்டாய மதமாற்றம் தொடங்கியது. மதம் மாறியவர்களை மொரிஸ்கோ என்றார்கள். அவர்கள் மொழி, உடை, குளியல் எல்லாவற்றுக்கும் தடை வந்தபோது 1568 டிசம்பரில் அல்புஹார்ராவில் கலகம் வெடித்தது. அதை அடக்கிய கையோடு கிரனாடா மொரிஸ்கோக்களைக் கூட்டம் கூட்டமாக உள்நாட்டுப் பகுதியான காஸ்தீலுக்கு விரட்டினார்கள். 1609 முதல் 1614 வரை ஸ்பெயின் முழுவதிலுமிருந்து சுமார் 3 லட்சம் பேரைக் கப்பலேற்றி வட ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள்.

காலியான அல்புஹார்ராவில் வடக்கிலிருந்து புதுக் குடிகளை இறக்கினார்கள். வந்தவர்களுக்கு இந்த வாய்க்கால் தலையும் புரியாது வாலும் புரியாது. அதனால் அரசு அதிகாரிகள் ஊர் ஊராகப் போய், எந்த வயல் யாருடையது, எந்த வாய்க்கால் எந்த நாளில் எத்தனை நேரம் யாருக்கு என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அந்தப் பதிவேடுகள் இன்றும் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. மொரிஸ்கோக்கள் காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே தண்ணீர்முறை நடக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை. வாய்க்காலும் பட்டுத்தொழிலும் கற்றுக்கொடுக்க ஊருக்கு இரண்டு மொரிஸ்கோ குடும்பங்களை நிறுத்திவைத்தார்கள் என்று அங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள். அந்தக் குடும்பங்களை நினைத்துப் பார்க்கிறேன். சொந்தபந்தம் அத்தனையும் போன பிறகு, அவர்கள் வயலுக்கு வந்தவனுக்கு மடை திறக்கச் சொல்லிக் கொடுப்பது எவ்வளவு பெரிய கொடுமை.

கிழக்கே வலென்சியாவில் இதே விஷயம் ஆற்றுச் சமவெளியில் நடந்தது. அங்கே துரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களுக்கு ஒரு தண்ணீர் நீதிமன்றம் இருக்கிறது. வாரம் தவறாமல் வியாழக்கிழமை பகல் 12 மணிக்குக் கதீட்ரலின் அப்போஸ்தலர் வாசலில் கூடுகிறது. நான் போனபோது கூட்டம் பிதுங்கியது. மணி அடித்ததும் கறுப்புச் சட்டை போட்ட எட்டுப் பேர் வந்து வட்டமாகத் தோல் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். எல்லோரும் விவசாயிகள். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் அந்தந்தப் பாசனதாரர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி. பித்தளைக் கொக்கி வைத்த கோலோடு ஒரு சேவகர் எழுந்து, குவார்த் வாய்க்காலில் தொடங்கி ஒவ்வொரு வாய்க்காலின் பெயராகச் சொல்லி, புகாருக்கு ஆளானவர் உண்டா என்று கூவினார். அன்றைக்கு ஒருவரும் இல்லை. சில நிமிடங்களில் எழுந்து போய்விட்டார்கள். சுற்றுலாப் பயணிகள் சிலர் ஏமாந்த முகத்தோடு கலைந்தார்கள். எனக்கு ஏமாற்றமே இல்லை. வழக்கே இல்லாத பாசன நீதிமன்றத்தைவிட என்ன வேண்டும்?

வழக்கு வந்தால் நடைமுறை இதுதான். வக்கீல் இல்லை, காகிதம் இல்லை, பேச்சு மட்டும். பேசச் சொல்லித் தலைவர் காலால்தான் காட்டுவார். புகாருக்கு ஆளானவருடைய வாய்க்காலின் பிரதிநிதி தீர்ப்பில் கலந்துகொள்ளக் கூடாது. அங்கேயே தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. சட்டப்படி செல்லும் தீர்ப்பு அது. 2009இல் யுனெஸ்கோ இதையும் முர்சியாவில் உள்ள இதே மாதிரியான நீர்ச்சபையையும் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது பங்கீட்டு முறை. வாய்க்காலுக்கு இத்தனை கன அடி என்று கணக்கு இல்லை. ஆற்றில் வருவதில் இத்தனை பங்கு என்றுதான் கணக்கு. ஆறு பெருகினால் எல்லோருக்கும் பெருகும், குறைந்தால் எல்லோருக்கும் குறையும். அளவு நிர்ணயித்துக் கொடுத்துவிட்டுப் பற்றாக்குறை வரும்போது கடைமடைக்காரர் வயிற்றில் அடிக்கும் வழக்கம் அங்கே எழவில்லை. எல்சே, லோர்க்கா போன்ற வறண்ட பகுதிகளில் வேறு முறை வளர்ந்தது. நிலத்திலிருந்து தண்ணீரைப் பிரித்து ஏலம் விட்டார்கள். பணம் உள்ளவன் எடுத்தான். வலென்சியா முறைதான் நியாயம் என்று நான் சொல்வேன்.

1238இல் வலென்சியாவைப் பிடித்த அரகோன் என்ற கிறிஸ்தவ நாட்டின் மன்னர் முதலாம் ஹைமே, வாய்க்கால்களை மக்களுக்குக் கொடுக்கும்போது முஸ்லிம்கள் காலத்தில் எப்படி வழக்கமோ அப்படியே பாய்ச்சிக்கொள்ளுங்கள் என்றுதான் கொடுத்தார். ஜெயித்தவர் மாற்றத் துணியாத சட்டம் அது ஒன்றுதான் போலிருக்கிறது.

அந்த வாய்க்கால்கள் ஏன் அவ்வளவு பெறுமதியானவை என்பதற்குச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாலே போதும். கோதுமை, ஆலிவ், திராட்சை குளிர்கால மழையில் விளைந்துவிடும். ரோமானியர்கள் காலத்திலேயே இருந்தவை. அரபிகள் கொண்டுவந்து பரப்பிய நெல், கரும்பு, கத்தரி, எலுமிச்சை, நாரத்தை எல்லாம் கோடையில் தண்ணீர் கேட்பவை. இவற்றில் பல நம் பக்கத்தில் விளைந்து பாரசீகம் வழியாக மேற்கே போனவை. கோடைப் பாசனம் இல்லாமல் வலென்சியாவில் நெல் இல்லை, நெல் இல்லாமல் அந்த ஊரின் பேர்போன அரிசிச் சாப்பாடான பயெய்யா இல்லை.

இவ்வளவும் பார்த்த பிறகும் 'மூர்கள் வந்தார்கள், ஆண்டார்கள், போனார்கள்' என்று வழிகாட்டிகள் ஒரே மூச்சில் சொல்வது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. வந்த படையில் வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடிகளான பெர்பர்களே அதிகம். பிறகு சில நூற்றாண்டுகளில் உள்ளூர் மக்களில் பெரும்பகுதி இஸ்லாத்துக்கு மாறியது. 1609இல் கப்பலேற்றப்பட்டவர்களின் முன்னோர்கள் தொள்ளாயிரம் வருஷமாக, பலர் அதற்கும் முன்பிருந்தே, அந்த மண்ணில் இருந்தவர்கள். அவர்கள் எங்கும் திரும்பிப் போகவில்லை. சொந்த ஊரிலிருந்து துரத்தப்பட்டார்கள். 1492இல் வெளியேற்றப்பட்ட யூதர்களின் வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை கொடுக்க ஸ்பெயின் 2015இல் சட்டம் இயற்றியது. நல்ல காரியம். மொரிஸ்கோக்களின் வழித்தோன்றல்கள் மொராக்கோவிலும் துனீசியாவிலும் இன்றும் அந்தலூசிய, அதாவது மூர்கள் காலத்து ஸ்பெயினின் குடும்பப் பெயர்களோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். அல்ஹம்ப்ராவில் நஸ்ரி அரண்மனைகளுக்கு நுழைவு நேரம் குறித்துத்தான் டிக்கெட் தருவார்கள், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். நேரம் இருந்தால் ஹெனெராலிஃபேவை முதலில் பாருங்கள்; தண்ணீர் வருகிற திசையிலேயே நீங்களும் போகலாம். அல்புஹார்ராவுக்கு மே அல்லது ஜூன் தொடக்கத்தில் போனால் மேல் வாய்க்கால்களில் பனித் தண்ணீர் ஓடும். பாதை பல இடங்களில் வாய்க்கால் கரைதான், ஒற்றை ஆள் அகலம், நல்ல ஷூ வேண்டும். எதிரே மண்வெட்டியோடு ஆள் வந்தால் ஒதுங்கி வழி விடுங்கள். அவருக்கு முறை நேரம் ஓடிக்கொண்டிருக்கும். வலென்சியாவில் வியாழக்கிழமை பதினொன்றே முக்காலுக்கே வாசலில் இடம் பிடித்துவிடுவது நல்லது.